வெள்ளைக்காரன்ட கபுர நாம ஏன் சேர் பாக்கணும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். வீட்டைச் சுற்றியுள்ள ஓர் இடத்தின் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து எழுதி வரச் சொன்னேன். ஒரு மகன் எழுதியிருந்தான்: "இங்குள்ள மண் உவர் மண். ஆகவே உவர்மலை." எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பிள்ளையில் பிழை இல்லை. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில். ஓர் என்பது ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயர். நம் சனங்களின் வாய்க்குள் போய் அது 'உவர்' ஆகி வெளியே வந்தது என்பதுதான் என் கணக்கு. ஆளுநர் செயலகத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் இன்னொன்றுமாக இந்த இரண்டு பெயரையும் இன்றும் எழுதுகிறார்கள். ஒரு மனிதனின் பெயர் மண்ணின் ருசியாக மாறிவிட்டது.

இதைச் சொன்னதும் அவன் விடவில்லை. "அப்ப அந்தக் காலத்து வெள்ளைக்காரரெல்லாம் இங்கதான் மௌத்தாகினாங்களா சேர்? எங்க அடக்கினாங்க?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கிலிருந்து இன்னொருவன் கேட்டான்: "வெள்ளைக்காரன்ட கபுர நாம ஏன் சேர் பாக்கணும்?" வகுப்பே சிரித்தது. நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி ஒரு கிழமையாக என்னோடு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறது. அது கெட்ட கேள்வி அல்ல. நேர்மையான கேள்வி.

முதலில், நம் ஊரில் இருப்பவை எவை என்று பார்ப்போம்.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. நிலாவெளி வீதியில் உப்புவெளிப் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்தே தெரியும் அந்தப் புல்வெளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியர் மட்டுமல்ல, இந்தியப் பெயர்களும் இலங்கைப் பெயர்களும் உண்டு. புல் வெட்டப்பட்டிருக்கும். கற்கள் ஒரே அளவு, ஒரே வரிசை. ஒருவரின் பதவி என்னவென்று கல்லின் உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நம் வாப்பாமார், மூத்தம்மாமார் 'ஜப்பான் குண்டு' என்று சொல்வார்களே, அது 1942 ஏப்ரல் 9. அன்று காலையில் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு விழுந்தது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் போனார்கள். கடலோடு போனவர்களுக்குக் கல் கிடையாது. அந்தப் போர்க்காலத்தில் இந்தக் கரையில் இறந்தவர்களுக்கு உப்புவெளியில் ஒரு கல்லாவது இருக்கிறது.

இரண்டாவது இடம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கோட்டைக்கு வெளியே, எஸ்பிளனேட் பக்கத்தில், புனித ஸ்டீபன் மயானம். பழைய ஆட்கள் வெள்ளைக்காரச் சவக்காலை என்பார்கள். தினமும் ஆயிரம் பேர் அந்தப் பக்கத்தால் போகிறோம், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே கிடப்பவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஒஸ்டின். பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரல். 1850இலிருந்து கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிப் படைக்குத் தலைமைத் தளபதி. இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' என்ற கப்பலில் இருந்தபோது வாந்திபேதி வந்து 1852 ஒக்டோபர் 7 அன்று இறந்தார். வயது 73. உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள்.

ஒஸ்டின் என்ற பெயரை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் பிடித்திருப்பார்கள். ஆம், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பிதான். 1801இல், இளம் அதிகாரியாக இருந்தபோது, எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்குப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிலுவைகள் இங்கிலாந்தில் ஜேன் வாழ்ந்த வீட்டில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். வாங்கிக் கொடுத்தவர் நம் பஸ் போகும் பாதைக்குப் பக்கத்தில் கிடக்கிறார்.

இரண்டு இடத்துக்கும் இடையில் சில கிலோமீற்றர் தூரம்தான். இரண்டிலும் ஒரே அரசின் படைக்காரர்கள். பிறகு ஏன் ஒன்றை மட்டும் பூங்கா போலப் பராமரிக்கிறார்கள், மற்றதில் எழுத்துகள் தேய்ந்து போகின்றன?

காரணம் திகதி. பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழு என்று இன்று அழைக்கப்படும் அமைப்பு 1917இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது உருவானது. அது பொறுப்பேற்பது இரண்டு காலப்பகுதிகளில் இறந்தவர்களை மட்டும்: 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரை, 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை. இந்த இரண்டு பெட்டிக்குள் விழுந்தால் உங்கள் கல்லுக்கு என்றென்றும் ஒரு காவல்காரன் உண்டு. 1852இல் இறந்தால் அட்மிரலாக இருந்தாலும் இல்லை. பழைய மயானங்களுக்கென்று 1976இல் லண்டனில் தொடங்கிய ஒரு தொண்டுச் சங்கம் தெற்காசியா முழுவதும் தன்னால் இயன்ற சிறு உதவிகளைச் செய்கிறது. அது நல்ல வேலை, ஆனால் சட்டக் கடமை அல்ல.

திருகோணமலையை வெள்ளைக்காரன் டச்சுக்காரனிடமிருந்து பிடித்தது 1795 ஓகஸ்டில். கடற்படைத் தளத்தைத் திருப்பிக் கொடுத்தது 1957 ஒக்டோபரில். 162 வருடம். அதில் ஆணைக்குழுவின் இரண்டு பெட்டிகளையும் கூட்டினால் 16 வருடம்கூட வராது. மிச்ச வருடங்களில் இறந்தவர்கள் யார்? பெரும்பாலும் வீர மரணம் அடைந்தவர்கள் அல்லர். அந்தக் காலத்துப் படைகளில் குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்களே அதிகம். அட்மிரலுக்கே அதுதான் நடந்தது. சாதாரணச் சிப்பாய்க்கும், அவனோடு வந்த மனைவிக்கும், இங்கே பிறந்த குழந்தைக்கும் கேட்கவா வேண்டும்.

அப்படியானால் நம் நாட்டுச் சட்டம்? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதிலும் ஒரு திகதிக் கோடு. 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களும் சின்னங்களும் தாமாகவே புராதனமாகக் கொள்ளப்படும். பிந்தியவை என்றால் தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. அது என்ன திகதி? கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அந்த ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொய்லி 1824இல் இறந்து, கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள பழைய படைமுகாம் மயானத்தில் கிடக்கிறார். அவர் எழுதிய ஒப்பந்தத்தின் திகதியால் அவர் கல்லறைக்கே தானாகப் பாதுகாப்பு இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு நல்ல சந்தோசம்.

ஆனால் அந்தக் கண்டி மயானம் பிழைத்துக்கொண்டது. காடு மண்டிக் கிடந்ததை 1998இல் திருத்தினார்கள். இன்று வெளிநாட்டுக்காரர் தேடி வருகிறார்கள், காவலாளி கதை சொல்கிறார், விரும்பியவர்கள் பெட்டியில் காசு போடுகிறார்கள். காட்டு யானை துரத்திக் கொன்ற ஓர் ஆங்கிலேயரின் கல்லும் அங்கே உண்டு. அந்தக் கதைக்காகவே ஆட்கள் வருகிறார்கள். சுற்றுலா சுற்றுலா என்று நாமும்தான் கத்துகிறோம்.

'அப்படியென்றால் தொல்பொருள் திணைக்களத்திடம் சொல்லி வர்த்தமானியில் போடச் சொல்லுங்களேன் சேர்' என்று கருத்துப் பகுதியில் யாராவது எழுதப் போகிறீர்கள். எழுதுமுன் ஒரு நிமிடம். கிழக்கில் வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தத் திணைக்களத்தின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்குவது எனக்கும் தெரியும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைத்தார்கள். நியமிக்கும்போது அதில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. சனத்தொகையில் நாம் பெரும்பான்மையாக இருக்கும் மாகாணத்துக்கு! எல்லைக்கல் நட்டால் அடுத்து நம் வயலும் போகும் என்ற பயம் கற்பனையில் வந்ததல்ல. பாதுகாப்பு என்ற சொல்லை இவ்வளவு பயமுள்ள சொல்லாக மாற்றியது இந்த நாட்டின் பெரிய நட்டங்களில் ஒன்று.

சட்டத்தில் இடம்பெற்றுவிட்டாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1758 டிசெம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவனுடைய ஆட்கள் கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயரின் மயானத்துச் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்து நின்று சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயரே தங்கள் முன்னோரின் சமாதிகளை இடித்துத் தள்ளிவிட்டுப் பெயர்க் கற்களைக் கோட்டைக்குள் இருந்த தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இடிபடாமல் மிஞ்சிய ஒன்றில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் கிடக்கிறான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அந்த ஆளுநர்தான். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த சின்னம். லாலியின் பீரங்கிக்குத் தப்பிய அந்தச் சமாதியை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். காரணம் வாகனத் தரிப்பிடம்.

நமக்கும் வாகனத் தரிப்பிடம் வரும். அதைவிடப் பெரியதும் வரும். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 மிச்சம். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்து மூன்று நாடும் கையெழுத்திட்டன. நான் இதற்கு எதிரானவன் அல்ல. என்னிடம் படித்த பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் காய்கிறார்கள், அவர்களுக்கு இங்கேயே வேலை கிடைத்தால் முதலில் சந்தோசப்படுவது நான்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துறைமுக நகரத்தில் காணிக்கு விலை ஏறும்போது முதலில் கண்ணில் படுவது யாருடைய காணி? வழக்குப் போட ஆள் இல்லாத காணி. மையத்துகள் வழக்குப் போடாது.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக்காரன்ட கபுர நாம ஏன் பாக்கணும்?

2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை நாம் எப்படி இருந்தோம் என்பதை நினைவில் கொண்டுவாருங்கள். கொரோனாவில் மௌத்தான நம் ஆட்களை அடக்க விடவில்லை, எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதில் நம் ஆட்கள் மட்டும் கட்டவில்லை. சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவப் பாதிரிமாரும் வந்து கட்டினார்கள். அவர்கள் யாரும் 'முஸ்லிம்ட கபுர நாம ஏன் பாக்கணும்' என்று கேட்கவில்லை. பிறகு 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஒரு வருடமாக 3,600க்கும் மேற்பட்ட ஜனாஸாக்களை அடக்கினோம். வேறு மதத்தவர் சிலரும் அங்கேதான் அடக்கப்பட்டார்கள். இன்னும் 100 வருடத்தில் அந்த வரண்ட மண்ணில் யாராவது தொழிற்சாலை கட்ட வந்தால், அங்கே கிடப்பவர்களுக்காகப் பேச உறவுக்காரர் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தால் போகும் அன்னியன் ஒருவன் பேசினால்தான் உண்டு.

எஸ்பிளனேட் மயானத்துக்கு அந்த அன்னியர்கள் நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் கோபிப்பீர்கள். இந்த நாட்டில் படைக்காரர் மயானம் அழிந்தது என்று பேசிவிட்டு மாவீரர் துயிலும் இல்லங்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் வரலாறு படிப்பிப்பதில் அர்த்தம் இல்லை. கோப்பாயில் துயிலும் இல்லத்தை உழுதுவிட்டு அதே காணியில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படையணித் தலைமையகத்தைத் திறந்தார்கள். நம் மாவட்டத்தில் சம்பூர்ப் பக்கம் ஆலங்குளத்தில் நவம்பர் 27 வந்தால் தாய்மார் விளக்குக் கொண்டு போகிறார்கள். அந்த இயக்கம் நமக்குச் செய்தது என்ன என்று எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. 1990 காத்தான்குடியும் தெரியும், 2006இல் மூதூரிலிருந்து சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததும் தெரியும். அதற்கான கணக்கு வேறு. மகனின் கல் எங்கே என்று தேடும் ஒரு தாயின் கணக்கு வேறு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து போனபோது நபிகளார் எழுந்து நின்றதைக் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்.

போர்க் கல்லறை ஆணைக்குழுவும் சுத்தமானதல்ல. எல்லோருக்கும் ஒரே கல் என்ற கொள்கையோடு தொடங்கியது உண்மை. ஆனால் முதலாம் உலகப் போரில் இறந்த இந்திய, ஆபிரிக்கப் படைவீரர்களில் 45,000 முதல் 54,000 வரையானோருக்குச் சமமான மரியாதை கொடுக்கப்படவில்லை என்று 2021இல் அதன் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவே இல்லை. வெள்ளைக்காரனுக்குக் கல், கறுப்பனுக்குக் காடு. நாம் பார்ப்பது என்றால் அவர்கள் செய்த இந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். டச்சுக்காரனிடமும் பிறகு வெள்ளைக்காரனிடமும் மலாய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்களாக இருந்தார்கள். சிலோன் ரைபிள் படையணியில் பெரும் பங்கு அவர்கள்தான். 1873இல் அதைக் கலைக்கும்வரை நாட்டின் கோட்டைகள் தோறும் காவல் நின்றார்கள். அவர்களை அடக்கிய இடங்களில் என்ன மிஞ்சும்? நம் வழக்கம் எளிமை. இரண்டு மீஸான் கட்டை, ஒரு செடி. கட்டை உக்கினால் எல்லாம் முடிந்தது. அது நம் மார்க்கத்தின் அழகு, நான் குறை சொல்லவில்லை. கல்லில் எழுதாத சமூகம் கொப்பியிலாவது எழுத வேண்டாமா? நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் மையவாடிப் பதிவேடு ஒழுங்காக இருப்பது எத்தனையில்? நிர்வாக சபையில் இருக்கும் சகோதரர்கள் கோபிக்காமல் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். செயலணியும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம். 1913இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கை முழுவதும் இருந்த கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஒரு தடித்த புத்தகம் போட்டார். திருகோணமலையும் அதில் உண்டு. அதை வைத்துக்கொண்டு போய், இன்று எந்தக் கல் நிற்கிறது, எது விழுந்தது, எது காணாமல் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். படம் எடுக்கலாம். கையில் எல்லோருக்கும் போன் இருக்கிறது. அதோடு அந்தக் காணியின் நில அளவைப் படம் எங்கே இருக்கிறது, எல்லை எது, பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து நம் கையில் இருக்கிறது, ஒரு பக்கக் கடிதம் போதும். எல்லை தெரியாத மயானம் வருடத்துக்கு ஒரு முழம் சுருங்கும். இது நம் மையவாடிகளுக்கும் இந்து மயானங்களுக்கும் சேமக்காலைகளுக்கும் பொருந்தும். நாலையும் ஒரே கொப்பியில் எழுதுவோம்.

வரும் சனிக்கிழமை காலை உரியவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பத்துப் பிள்ளைகளோடு ஸ்டீபன் மயானத்துக்குப் போகிறேன். வெற்றுக் கையால் கற்களைத் தேய்க்கக் கூடாது, சோக் பூசக் கூடாது, தண்ணீரும் மெல்லிய தூரிகையும் மட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வர விரும்பும் பெற்றோர் உள்பெட்டியில் எழுதுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள், ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது.

பின்வாங்கு மகன் நேற்று ஆசிரியர் அறைக்கு வந்தான். தானும் வருவதாகச் சொன்னான். ஏன் மகன் என்று கேட்டேன். "அந்த அக்காமாருக்குச் சங்கிலி வாங்கிக் குடுத்தவர்ட கல்ல பாக்கணும் சேர்" என்றான்.